பனிமலையில் சீயக்காய்

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்பிள்ளை தினமும் குதிரை ஓட்டுகிறாள் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். பனி கொட்டும் மலையில் ஓட்டுகிறாள் என்று சொன்னால், காஞ்சிபுரத்தில் நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டச் சொல்வார்கள். நான் ஓட்டுகிறேன். உத்திரமேரூர் தாண்டி, காவாந்தண்டலம் பக்கம், கழனியை ஒட்டின வீட்டில், கத்திரி வெயிலில், பனிமலையில், வெள்ளைக் குதிரையில். யாருக்கு என்ன?

இதைச் சொல்லிவிட்டுத்தான் நான் பட்ட அவமானத்துக்கு வரவேண்டும். ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமைக் கதையைக் கேட்கிற எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அதோட வுட்டுட்டியா?" விடவில்லை. விடுகிற உத்தேசமும் இல்லை. மேலே படியுங்கள்.

நான் வசன கவிதை எழுதுகிறவள். (ஆமாம், அதுவும்தான். ஒரு வூட்டுக்கு எத்தினி பேஜாருதான் தாங்கும் என்று என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் கேட்பதுண்டு.) எங்கள் ஊரில் மழை உண்டு, மார்கழியில் ஏரி மேல் மூட்டம் உண்டு, கோடையில் புழுதி உண்டு. பனிக்கட்டி என்றால் ஐஸ் பெட்டிதான். இருந்தாலும் என் கவிதைகளில் வரிக்கு வரி பனி கொட்டும். எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியாது. பார்க்காத ஒன்றின் மேல் ஆசை வைக்கிற நோய் எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு.

மகன் புதிய லேப்டாப் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனபோது பழையதை என்னிடம் விட்டுப் போனான். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு குதிரை, ஒரு வாள், கண்ணுக்கெட்டிய வரை மலை. எதிரிகளும் இருக்கிறார்களாம். நான் அவர்கள் இருக்கிற பக்கம் போனதில்லை. வாளை இதுவரை உருவினதுமில்லை. மலைமேல் ஏறிப் பனியில் நின்றுகொண்டிருப்பேன். அவ்வளவுதான் என் விளையாட்டு.

ஆனால் அந்தப் பழைய லேப்டாப்பில் பனி, பொரி மாதிரி விழுந்தது. திருவிழாவில் சாமி மேல் இறைப்பார்களே, அந்தப் பொரி. பெரிசு பெரிசாக, சதுரம் சதுரமாக. நான்கு பொரி விழும், படம் நின்றுவிடும், மறுபடி நான்கு பொரி. மகனுக்குப் போன் போட்டேன். "ம்மா, அதுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேணும். அது இருந்தா ஒவ்வொரு பனித்துளியும் தனித்தனியா வியும்" என்றான்.

ஒவ்வொரு பனித்துளியும் தனித்தனியாக.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகும் ஒருத்தி சும்மா இருந்தால் அவள் கவிதை எழுதவே லாயக்கில்லை.

ஆக, சாமான் சாமானாக வாங்கத் தொடங்கினேன். எந்தக் காசில் என்று கேட்காதீர்கள், களவு இல்லை. மதர்போர்டு ஒரு மாதம், பவர் சப்ளை ஒரு மாதம், கண்ணாடிக் கதவு வைத்த கேபினெட் ஒரு மாதம் என்று வந்தது. கூரியர்காரர் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கும்போதெல்லாம் "மிக்சியாம்மா?" என்பார். "ஆமாம்" என்பேன். எங்கள் வீட்டுக்கு அந்த வருஷம் ஆறேழு மிக்சி வந்ததாக அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

கூடத்தில் கோரைப்பாய் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து நானேதான் பூட்டினேன். வீடியோவைப் பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி. பிராசஸர் மேல் ஒரு களிம்பு தடவ வேண்டும், அது மெல்லிசாக, சீராக இருக்க வேண்டும் என்று வீடியோவில் ஒரு பையன் பத்து நிமிஷம் பயமுறுத்தினான். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற விரல் இது, தம்பி. ஒரே இழுப்பு. முதல் தடவையே மிஷின் உயிர் பிடித்தது. விசிறிகளுக்குள் நீலமும் ஊதாவுமாக விளக்குகள் சுழன்றன. என் கண்ணில் தண்ணீர் வந்ததை வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "புள்ள பொறந்தப்பகூட நீ இப்டி அய்வலயே" என்றார்.

மிஷினை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை ஒன்று உண்டு. அறுவடை முடிந்தால் நெல் மூட்டை அடுக்குவோம். மற்ற நாளில் எலி இருக்கும். அந்த அறையைக் கழுவித் துடைத்து, மேஜை போட்டு, திரைச்சீலை கட்டி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உள்பக்கம் நான் போட்டுக்கொள்ளும் முதல் தாழ்ப்பாள். (குளியலறைத் தாழ்ப்பாள் கணக்கில் வராது. அங்கே வெளியே நின்று "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று ஆள் கேட்பார்கள்.)

அங்கேதான் வந்தது வினை. அதன் பெயர் சரசா அக்கா.

சரசா அக்கா என் வீட்டுக்காரருக்கு மூத்தவள். வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கிற இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் பேசினால் மில் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கேட்கும். பழக்க தோஷம், மில் இல்லாத இடத்திலும் அப்படியே பேசுவாள். சித்திரையில் ஒருநாள் வந்தவள் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி கஸ்தூரி இது? நெல்லு வெக்கிற ரூமுல சாமி ஊர்வலம் மாரி லைட்டு எரிஞ்சிக்கினு கீது?"

"கம்ப்யூட்டருக்கா."

"யாருக்கு?"

"எனக்கு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராகத் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "டேய் ஏகாம்பரம், மில்லுல மூட்ட வெக்க எடமில்லாம நாங்க லாரிய தெருவுல நிறுத்திக்கினு கீறோம். இங்க ஒரு ரூமையே பொம்ம வெளயாட வுட்டு வெச்சிக்கினு கீற. எங்க மூட்டய ரெண்டு மாசம் இங்க போட்டா இன்னா கொறஞ்சிடுவ?"

அவர் நல்லவர்தான். ஆனால் அக்கா எதிரில் அவருக்கு முதுகெலும்பு வேட்டி மாதிரி மடிந்துவிடும். "இன்னா கஸ்தூரி..." என்று இழுத்தார்.

அவளிடம் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். மலையைக் காட்டினால் மனசு மாறாதா? விளையாட்டைப் போட்டேன். குதிரை இரண்டு எட்டு வைத்தது. விசிறிகள் ஓவென்று கத்தின. திரை கறுத்தது. மிஷின் செத்துப்போனது.

"இதுக்காடி?" என்றாள் சரசா அக்கா.

உண்மையில் தப்பு மிஷின் மேல் இல்லை. அந்த மாதம்தான் நான் இன்னும் பெரிய கிராபிக்ஸ் கார்டாக மாற்றியிருந்தேன். செங்கல் கனம் இருக்கும். அது ஓடும்போது அடுப்பு மாதிரி கொதிக்கும். மேலே ஆஸ்பெஸ்டாஸ், வெளியே சித்திரை வெயில். சூடு ஏறினால் மிஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடும். இதையெல்லாம் விளக்கினேன். வீட்டுக்காரர் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"வர்ற வெள்ளிக்கெயம அக்கா மறுபடி வருது. அது எதிர்ல ஓட்டிக் காட்டு. நாஷ்டா துன்னதுல இருந்து சோறு வடிக்கிற வரைக்கும் நிக்காம ஓடுச்சின்னா ரூமு உன்னுது. நடுவுல நின்னுச்சி, மூட்ட உள்ள, உன் பொட்டி வெளிய. ஞாயம்தானே?"

"ஞாயந்தான்" என்றாள் சரசா அக்கா, ஜெயித்துவிட்டவள் மாதிரி.

"சரி" என்றேன் நான். திமிர்.

வாட்டர் கூலிங் என்று ஒன்று உண்டு. கார்டின் மேல் ஒரு செம்புப் பட்டையை வைத்து, அதற்குள் தண்ணீரை ஓடவிட்டு, சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போகும்படி செய்வது. கண்ணாடி மாதிரி டியூப், உள்ளே நிறம் நிறமாகத் தண்ணீர், அதன்மேல் விளக்கு. அதை வரவழைத்து, பூட்டி, ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் நின்றது. காரணம் எளிது: அதே கொஞ்சம் தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அது வாங்கின சூட்டை ரேடியேட்டர் அறைக்குள் ஊதுகிறது. அறை அதை மறுபடி மிஷினுக்கே கொடுக்கிறது. சம்பந்தி வீட்டுப் பலகாரத் தட்டு மாதிரி, போன சாமானே திரும்பி வந்துகொண்டிருந்தது.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது என் கொழுந்தன் முனுசாமி வந்தான். பயிர், மோட்டார், மாடு எல்லாம் அவன் பொறுப்பு. எந்த மிஷினைப் பார்த்தாலும் "இன்னா இதுல கீது" என்று கழற்றிவிடுவான். மாட்டும்போது ஒன்றிரண்டு போல்ட் மிச்சமாகும். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

"இதுக்குப் போயி இன்னா அண்ணி யோசன?" என்றான். "நம்ம பழைய ஆயில் இன்ஜினு எப்டி குளுந்துச்சி? கெணத்துத் தண்ணில ஒரு சின்ன பைப்பப் பிரிச்சி இன்ஜினுக்குள்ள வுட்டோம். சூடான தண்ணி வாய்க்காலுக்குப் பூடுச்சி. போன தண்ணியவே மறுபடியும் புடிச்சிக்கினு வந்தா வுட்டோம்? வெளிய தொட்டி நெறையத் தண்ணி வெச்சிக்கினு, உள்ள உழக்குத் தண்ணிய சுத்தவுட்டுக்கினு கீற!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அது உலகத்தின் மிகப்பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. உலகம் முழுக்க இத்தனை பேர் இத்தனை மிஷின் கட்டுகிறார்கள், பக்கத்தில் பம்புசெட் இல்லாத ஒரே குறையால் எல்லோரும் வெந்துகொண்டிருக்கிறார்கள் என்று அவர்கள் மேல் இரக்கம்கூட வந்தது.

வாட்டர் கூலிங் சாமானோடு வந்த கையேட்டில், இதற்கென்று செய்த திரவத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. படித்தேன். பிறந்ததிலிருந்து நான் குடிக்கிற தண்ணீர், இந்தப் பெட்டிக்கு ஆகாதா என்று ரோஷம் வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

வீட்டை ஒட்டித்தான் பம்புசெட். அதன் முன்னால் இடுப்புயரத் தொட்டி. மோட்டார் தண்ணீர் அதில் விழுந்து நிறைந்து வாய்க்காலுக்குப் போகும். தொட்டிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய டியூப், ஜன்னல் வழியாக உள்ளே. கேபினெட்டை மேஜையிலிருந்து இறக்கி, தாழ்வாக ஒரு மணைமேல் வைத்தோம். தண்ணீர் கார்டுக்குள் நுழைந்து சூட்டை எடுத்துக்கொண்டு, தரையோர ஓட்டை வழியாக வெளியேறி வாழைக்குப் போகும். தொட்டிக்குள் இருக்கும் டியூப் வாயில் பாசியும் தலைப்பிரட்டையும் நுழையாமல் இருக்க, வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டினான் முனுசாமி. வாயால் ஓர் இழுப்பு இழுத்துத் தண்ணீரை வரவழைத்துவிட்டான். அப்புறம் பம்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அது பாட்டுக்கு ஓடியது.

எப்படி ஓடியது தெரியுமா! கிணற்றின் குளிர்ச்சி அப்படியே மிஷினுக்குள் இறங்கியது. சூட்டைக் காட்டும் எண் ஏறவே இல்லை. நான் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன். அன்றைக்குத்தான் பார்த்தேன், ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுவதை. ஒன்று குதிரையின் பிடரியில் உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்து, கரைந்தது. வெளியே கத்திரி மண்ணைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே நான் மலை ஏற ஏற, அந்தப் பக்கம் வாழை வெதுவெதுப்பாகத் தண்ணீர் குடித்தது. என் கனவின் கழிவில் ஒரு வாழை குலை தள்ளும் என்று ஒரு வரிகூட எழுதி வைத்தேன். (நல்ல வரிதான். அதற்குப் பிறகு நடந்ததில் அதைப் பிரசுரிக்க முகம் இல்லை.)

வெள்ளிக்கிழமை வந்தது. சரசா அக்கா வந்தாள். கூடவே ஒரு மினி லாரியும் வந்தது. நிறைய நெல் மூட்டை.

"இன்னும் போட்டியே ஆரம்பிக்கலியேக்கா" என்றேன்.

"லாரி இன்னிக்குத்தாண்டி கெடச்சிது. எப்டியும் வரப் போறதுதானே?" என்றாள். மூட்டைகளைக் கூடத்தில், சரியாக என் அறை வாசலை ஒட்டி இறக்கி அடுக்கச் சொன்னாள். எட்டி உதைத்தால் உள்ளே விழுந்துவிடும் தூரம்.

கொதித்தது எனக்கு. ஆனால் ஒன்று உண்டு. என்னதான் பகை என்றாலும், பிறந்த வீட்டுக்கு வெள்ளிக்கிழமை வந்த பெண்ணுக்கு எண்ணெய் வைக்காமல் விடமாட்டோம். அது என் மாமியார் காலத்து வழக்கம்கூட இல்லை, எங்கள் பக்கத்துக் கௌரவம். என் அறையைப் பிடுங்க வந்தவளைக் கௌரவத்தால் அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இட்லி வைத்தேன். நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் சூடாக்கினேன். அவளை மணையில் உட்கார வைத்து, என் கையாலேயே உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, அழுத்தித் தேய்த்தேன். (கொஞ்சம் கூடவே அழுத்தினேன். மனுஷிதானே.) நானே வெயிலில் காயவைத்து அரைத்த சீயக்காய்த் தூளை டப்பா நிறைய எடுத்துக் கையில் கொடுத்தேன்.

கொடுத்து, என் வாயாலேயே சொன்னேன்:

"வெயிலுக்கு வெந்நீர் எதுக்குக்கா? தொட்டியில நல்லா முங்கிக் குளி."

நீங்கள் இப்போது தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். எனக்கு அப்போது ஒன்றுமே உறைக்கவில்லை. தொட்டி என்றால் எனக்குக் குளிக்கிற தொட்டி. டியூப் என்றால் மிஷினுக்குப் போகிற டியூப். இரண்டுக்கும் தண்ணீர் ஒன்றுதான் என்கிற அறிவு, தலைக்குள் தனித்தனி அறையில், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"நீ ஆரம்பிச்சிக்கினு இரு, வந்துட்றேன்" என்று அவள் பம்புசெட் பக்கம் போனாள். நான் மிஷினைப் போட்டேன். வீட்டுக்காரர் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு தோளில் துண்டோடு நீதிபதியாக உட்கார்ந்தார். முனுசாமி, தன் கைவேலையை ஊர் பார்க்கப்போகிற பெருமையில், டியூப் பக்கத்தில் காவல் நின்றான்.

ஓடியது. அருமையாக ஓடியது. சரசா அக்கா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகம் பளபளக்க, வந்து உட்கார்ந்தபோது என் குதிரை பாதி மலை ஏறியிருந்தது.

"இது இன்னா ஊருடி? உப்பளம் மாரி கீது?"

"ஊர் இல்லக்கா, மல. அது உப்பு இல்ல, பனி."

"அவ்ளோமா?" தலைத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்கு எதிரே குனிந்தாள். பிறகு, "அந்தக் குதிரைக்குக் காலு மரத்துப் போவாது? ஒரு சாக்கு கீக்கு சுத்தி வுடக் கூடாதா?" என்றாள்.

"ஏக்கா, அது நெசக் குதிர இல்ல" என்றார் வீட்டுக்காரர்.

"நீ சும்மா கெட. அதோ, அந்த ஓரமா ஒரு வூடு தெரியுதே. பொக வருது பாரு. அங்க யாரு கீறாங்க?"

"தெரியலக்கா. நான் போனதில்ல."

"இத்தினி நாளா ஆட்ற, பக்கத்து வூட்டுல யாரு கீறாங்கன்னு தெரியாதா உனக்கு? போயேன். போயி இன்னான்னு ஒரு வார்த்த கேளேன்."

கேட்டீர்களா? ஜெயித்துவிட்டேன். அந்த நிமிஷத்தில் அந்த அறை என்னுடையது. சரசா அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். மூட்டை, லாரி, மில் எல்லாம் மறந்து, பனிமலையில் ஒரு புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குதிரையை அந்த வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

"அண்ணி" என்றான் முனுசாமி. குரல் சரியில்லை. "டியூப்புல இன்னாவோ வருது."

திரும்பினேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், நீல விளக்கு வெளிச்சத்தில், பளிங்கு மாதிரி இருந்த என் டியூப்புக்குள் பழுப்பாக ஏதோ வந்துகொண்டிருந்தது. முதலில் தூள். பின்னால் நுரை. அதன் பின்னால் எண்ணெய் முத்து முத்தாக, ஊதா விளக்கில் வானவில் காட்டிக்கொண்டு. கடைசியாக, பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து, ஒரு நீளமான நரைமுடி.

அறையில் வாசனை எழுந்தது. வெள்ளிக்கிழமை வாசனை. கோயிலுக்குக் கிளம்புகிற பெண்களின் வாசனை.

"இன்னாடி, உன் கம்ப்யூட்டரு சீயக்கா வாசன அடிக்குது?" என்றாள் சரசா அக்கா, வெகுளியாக.

"அக்கா," என்றேன் மெதுவாக, "தொட்டிக்குள்ள ஒரு துணி கட்டியிருந்துச்சே?"

"ஆமா, இன்னாவோ அழுக்குத் துணி. காலுல சுத்திக்கினே இருந்துச்சி. அவுத்து வீசிட்டு, அப்புறமா முங்கினேன். நீதானே முங்கச் சொன்ன?"

அந்தச் செம்புப் பட்டைக்குள் சீப்புப் பல் மாதிரி நெருக்க நெருக்கமாகத் தகடுகள் இருக்கும். அவற்றின் நடுவில்தான் தண்ணீர் போக வேண்டும். சீப்பு தன் வேலையைச் செய்தது. முடியைப் பிடித்தது. முடி தூளைப் பிடித்தது. தூள் எண்ணெயைப் பிடித்தது. தண்ணீர் நின்றது. சூட்டைக் காட்டும் எண் ஏறியது. திரையில் பனித்துளிகள் பருத்து, சதுரமாகி, மறுபடியும் பொரியாக விழ ஆரம்பித்தன. குதிரை ஒரு காலைத் தூக்கி, அப்படியே நின்றது.

"நிக்கப் போவுது" என்றார் வீட்டுக்காரர், நீதிபதிக் குரலில்.

"நிக்காது!" என்று கத்தினேன். "முனுசாமி, அடப்ப எடுடா!"

அவன் வெளியே போகிற டியூப்பைப் பிடுங்கி வாயில் வைத்து உறிஞ்சினான். டீசல் அடைப்பை அப்படித்தான் எடுப்பான். வாய் நிறைய சீயக்காய். கசப்பில் முகம் கோணி, கண் பிதுங்கி, உறிஞ்சுவதை விட்டுவிட்டு பலம் கொண்டமட்டும் ஊதினான். ஜல்லிக்கட்டு மாடு மாதிரி ஊதினான்.

டொப்.

கார்டில் மாட்டியிருந்த டியூப், ஜன்னல் பக்கத்தது, கழன்று எழுந்தது. என் மிஷினுக்குள் சீயக்காய்த் தண்ணீர் நான்கு பக்கமும் பீய்ச்சியது. விளக்குகள் ஒரு தடவை எல்லா நிறத்திலும் எரிந்தன. அவ்வளவு அழகாக அவை எரிந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு ஒரு 'சொய்ங்'. தாளித்த வாசனை. இருட்டு.

நல்லெண்ணெய் அல்லவா, தாளித்த வாசனைதான் வரும்.

நான் மெயினை அணைத்தேன். அது மட்டும் சரியாகச் செய்தேன். ஆனால் தண்ணீருக்கு ஏது மெயின்? தொட்டி நிறைய இருந்தது, அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. "மோட்டார நிறுத்து! மோட்டார நிறுத்து!" என்று வீட்டுக்காரர் ஓடினார். மோட்டாரை நிறுத்தினார். தண்ணீர் நிற்கவில்லை. நான் துள்ளுகிற டியூப்பைத் தாவிப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். அழுத்தினால் நிற்கும் என்று நினைத்தேன். விசிறியாகப் பிரிந்து இன்னும் தூரமாக அடித்தது. வாசலைத் தாண்டி, கூடத்தில் அடுக்கி வைத்திருந்த மூட்டைகள் மேல்.

"என் நெல்லு!" என்று அலறினாள் சரசா அக்கா. மில் இல்லாமலே மில்லுக்கு மேல் கேட்டது. "ஐயோ என் நெல்லுடி! திருப்புடி அந்தப் பக்கம்!"

திருப்பினேன். அந்தப் பக்கம் வீட்டுக்காரர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

முனுசாமி ஜன்னலுக்கு வெளியே எகிறிக் குதித்துத் தொட்டிப் பக்கத்து முனையைப் பிடுங்கிப் போட்ட பிறகுதான் நின்றது. நான்கு பேர் மேலும் சீயக்காய். தரையெல்லாம் எண்ணெய். வீட்டுக்காரர் மீசையிலிருந்து நுரை சொட்டியது. முனுசாமி வாயைத் துடைத்துக்கொண்டே, "அண்ணி, இது சரியா அரயலபோல. நறநறன்னு கீது" என்றான்.

தோற்றேன். சொன்ன சொல் சொன்னதுதான். இன்னும் உலை வைக்கவே இல்லை, மிஷின் நின்றுவிட்டது. நின்றதா, செத்தேவிட்டது. "எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, நனைந்த புடவையோடு கூடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அழவில்லை. அழுதாலும் தெரிந்திருக்காது, முகமெல்லாம் எண்ணெய்.

சரசா அக்கா எழுந்து அறைக்குள் போனாள். மில்காரி நடை. குனிந்து தரையில் கை வைத்துப் பார்த்தாள். விரலைத் தேய்த்தாள். முகர்ந்தாள். சுவரைத் தட்டினாள். தண்ணீர் சுவரில் ஆளுயரத்துக்கு ஊறியிருந்தது. சிமெண்டு விரிசல்களுக்குள் எண்ணெய் இறங்கியிருந்தது. அவள் நெல்லைத் தவிர வேறொன்றுக்கும் பயப்பட மாட்டாள். நெல்லுக்கு ஈரம் என்றால் நடுங்குவாள்.

வெளியே வந்து தம்பியைப் பார்த்துச் சொன்னாள்: "இதுல எவண்டா மூட்ட போடுவான்? ஓதம் புடிச்சிப் போச்சி. ஒரு வாரத்துல பூஞ்ச வந்துரும். ரூம நாசம் பண்ணிட்டா படுபாவி!"

"அப்போ..." என்றார் அவர்.

"அப்போ இன்னா அப்போ? நெல்லுக்கு ஒதவாது. அவளே வெச்சிக்கட்டும்."

நான் தலை நிமிர்ந்தேன். எண்ணெய் வழிந்துகொண்டிருந்த அந்த முகத்தில் அப்போது என்ன தெரிந்ததோ, சரசா அக்கா ஓர் அடி பின்னால் போனாள். "பாரு, சிரிக்கிறா! டேய், சிரிக்கிறாடா!"

சிரித்தேன்தான். ஏன் சிரிக்கக் கூடாது? ஓட்டிக் காட்டி ஜெயிக்க முடியாத அறையை ஊறவைத்து ஜெயித்தேன்.

நனைந்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைத்தோம். கத்திரி வெயில், சாயந்திரத்துக்குள் காய்ந்துவிட்டது. வாசனை மட்டும் போகவில்லை. போகிற வருகிறவர்கள் நின்று, மூக்கை உறிஞ்சி, "இன்னா முனுசாமி, நெல்லுக்குத் தலக்கி ஊத்தினீங்களா?" என்றார்கள். வாலாஜாபாத்தில் அந்த அரிசியைச் சரசா அக்கா வீட்டுச் செலவுக்கே வைத்துக்கொண்டாள். உலை கொதிக்கும்போதெல்லாம் அவள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நொர வருதே, இது சோத்து நொரயா, சீயக்கா நொரயா?" என்று கேட்டாராம். அவளே சொல்லிச் சிரித்தாள்.

மிஷினை நான் மறுபடி கட்டினேன். கார்டு போய்விட்டது, மதர்போர்டைத் துடைத்துக் காயவைத்ததில் பிழைத்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, முன்னைவிடப் பெரிய கார்டு போட்டேன். (சுருங்கிப் போவேன் என்று நினைத்தீர்களா?) இப்போது கையேட்டில் சொன்ன திரவம்தான் ஓடுகிறது, ரேடியேட்டர் ஜன்னலுக்கு வெளியே, வாழை நிழலில் தொங்குகிறது. தொட்டிக்கும் மிஷினுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மழை நாளில் அந்தத் தரையிலிருந்து லேசாகச் சீயக்காய் வாசனை எழும். பனிமலைக்கு அந்த வாசனைதான் என்று என் மூக்கு முடிவு செய்துவிட்டது. எந்த நாட்டுக்காரன் வந்து இல்லையென்றாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் சொந்தத்தில் கல்யாணம், வளைகாப்பு எதற்குப் போனாலும் யாராவது ஒருத்தர் கேட்காமல் விடுவதில்லை: "இன்னா கஸ்தூரி, இந்த வெள்ளிக்கெயம கம்ப்யூட்டருக்கு எண்ண வெச்சாச்சா?" தீபாவளிக்கு மகன் போன் செய்தால் முதல் கேள்வியே, "ம்மா, அது குளிச்சிதா?" என்பதுதான். கேட்கட்டும். வெச்சாச்சு, குளிச்சாச்சு, சாம்பிராணியும் போட்டாச்சு என்பேன்.

சரசா அக்கா இன்னும் வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள். நான் எண்ணெய் வைத்துவிடுகிறேன். குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த வூட்டுக்குப் போனியாடி?" என்பாள். போனேன் அக்கா, ஒரு கிழவர் இருந்தார், கதவைத் திறக்கவில்லை என்றால், "ஆம்பள. எப்டித் தொறப்பான்" என்பாள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடக்கும். தொட்டிக்குள் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, ஊருக்கே கேட்கும்படி அங்கிருந்து ஒரு குரல் கொடுப்பாள்:

"கஸ்தூரி! முங்கலாமாடி?"

குதிரையை நிறுத்திவிட்டு, நான் ஜன்னல் வழியாக உத்தரவு கொடுப்பேன்:

"முங்குக்கா!"

நான் சொல்லாமல் அவள் முங்குவதில்லை.